‘ஸ்டாக் இல்லை’ ஒரு பதிலா?

எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவந்ததும் நம் வீடுகளில் ஒரு பட்டியல் ஓடும். மருத்துவம், சட்டம், பொறியியல். இப்போது அந்தப் பட்டியலில் ஃபார்மசியும் சேர்ந்துவிட்டது. “ஏர்கோனில் உட்கார்ந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலைதானே, பொம்பளப் பிள்ளைக்கு ஏத்தது” என்று என்னிடம் சொன்ன மாமா ஒருவர் இருக்கிறார். நான் மருந்தியல் இரண்டாம் ஆண்டில் படிக்கிறேன். இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே மாத்திரை எடுத்துக் கொடுப்பது சுலபம். கொடுக்க முடியாது என்று சொல்வதுதான் பெரும்பாடு.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். இரவு மணி 9.40. கடை 10 மணிக்கு அடைத்துவிடும். மாசாய் பக்கம் ஒரு கடை வரிசையில் உள்ள மருந்தகம். முகப்பில் நீங்கள் மட்டும் நிற்கிறீர்கள். உதவியாளர் பின்னால் கணக்கு முடித்துக்கொண்டிருக்கிறார். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து மருந்துச் சீட்டை நீட்டுகிறார். எழுதியிருப்பது தூக்க மாத்திரை. எண்ணிக்கை 30 என்று இருக்கிறது, ஆனால் அதில் ‘3’ மட்டும் மை கொஞ்சம் அடர்த்தி. கிளினிக் குளுவாங்கில். அவர் முகவரி மூவாரில். “தங்கச்சி, சீக்கிரம் கொடும்மா, வண்டி டபுள் பார்க்கிங்ல நிக்குது” என்கிறார்.

என்ன சொல்வீர்கள்?

பெரும்பாலோர் வாயில் முதலில் வருவது, “ஸ்டாக் இல்லண்ணே” என்பதுதான். வகுப்பில் இதுபோன்ற சூழலை நடித்துப் பார்க்கும் பயிற்சியில் நாங்கள் பலரும் இதைத்தான் சொன்னோம். சண்டை வராது, முகம் வாடாது, வேலை முடிந்தது. கேட்பதற்கு நாகரிகமான பதிலாகவும் தெரிகிறது. ஆனால் இதைவிட மோசமான மறுப்பு இல்லை என்பது என் கருத்து.

வந்தவர் உண்மையான நோயாளியாக இருந்தால் என்ன ஆகும்? அவர் அடுத்த கடைக்குப் போவார். அங்கேயும் ஸ்டாக் இல்லை. அதற்கடுத்த கடையிலும் இல்லை. ஜொகூர்பாரு முழுக்கத் தூக்க மாத்திரைக்குத் தட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புவார். சீட்டில்தான் சிக்கல், டாக்டரிடம் போய்த் திருத்தி வாங்கினால் தீர்ந்துவிடும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. சீட்டு போலி என்றால் நிலைமை இன்னும் மோசம். நாளைக்கு அவரே வந்து, “ஸ்டாக் வந்திடுச்சா?” என்று கேட்பார். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய் வேண்டும். குளுவாங்கில் தன் சீட்டுப் புத்தகம் காணாமல் போனதே தெரியாமல் ஒரு டாக்டர் இருக்கக்கூடும். அவருக்கும் தகவல் போகாது. ஆக, ‘ஸ்டாக் இல்லை’ என்ற பதிலால் அந்த ஐந்து நிமிடம் தப்பியது நீங்கள் மட்டும்தான்.

சரி, வேறு எப்படிச் சொல்வது? அதற்கு முன்னால், எதை மறுக்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

சீட்டில் என்ன இருக்க வேண்டும்

நம் நாட்டில் மருந்து விற்பனையைக் கட்டுப்படுத்தும் முதன்மைச் சட்டம் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம். பெயரைக் கேட்டால் எலி மருந்து நினைவுக்கு வரும். ஆனால் நாம் சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரை, ஆன்டிபயாட்டிக் எல்லாம் இதற்குள்தான் வருகின்றன. ‘பி’ பிரிவு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்தகம் விற்க முடியாது. ‘சி’ பிரிவு மருந்துகளை மருந்தாளர் தாமே நோயாளியிடம் விசாரித்து, பதிவேட்டில் எழுதிவிட்டுக் கொடுக்கலாம். இவற்றுக்கு மேல், மனநிலையை மாற்றக்கூடிய மருந்துகளுக்கென்று 1989இல் தனி விதிமுறைகள் வந்தன. டையசெபாம், அல்பிராசொலாம், மிடாசொலாம் போன்ற தூக்க, பதற்ற மருந்துகள் அந்த வகை. உடல் இளைக்கக் கொடுக்கும் ஃபென்டர்மினும் அதே வகைதான். ‘கட்டுப்பாட்டு மருந்து’ என்றவுடன் சந்துமுனையில் நிற்கும் இளைஞனை மட்டும் நினைக்காதீர்கள். மகள் கல்யாணத்துக்குள் பத்து கிலோ குறைக்க நினைக்கும் ஆண்ட்டியும் இதே முகப்புக்குத்தான் வருகிறார்.

சீட்டில் டாக்டரின் கையொப்பம், தேதி, அவருடைய முகவரி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு, எப்படிச் சாப்பிடுவது என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு மேல் வாங்கலாம் என்றால் எத்தனை தடவை, எவ்வளவு நாள் இடைவெளியில் என்பதும் எழுதியிருக்க வேண்டும். மருந்தைக் கொடுத்த பிறகு மருந்தகம் அந்தச் சீட்டை 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

தேர்வுக்கு மனப்பாடம் செய்யும்போது இது வறண்ட பட்டியல். முகப்பில் நிற்கும்போதோ இதுவே நமக்குக் கிடைக்கும் பெரிய கைத்துணை. “அண்ணே, இந்த இடத்தில் அளவு திருத்தின மாதிரி இருக்கு. டாக்டரைக் கேட்டுட்டுத்தான் கொடுக்க முடியும்” என்று சீட்டின் மீது விரலை வைத்துச் சொல்லலாம். இருவர் கண்ணும் அந்தக் காகிதத்தைப் பார்க்கும். ஆள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் ‘முடியாது’வுக்கும், காகிதத்தைப் பார்த்துச் சொல்லும் ‘முடியாது’வுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. “நீங்க திருத்திட்டீங்க” என்று சொன்னால் அது குற்றச்சாட்டு. “சீட்டுல திருத்தம் இருக்கு” என்று சொன்னால் அது கண்ணுக்குத் தெரியும் உண்மை. யார் திருத்தினார் என்று தீர்ப்பு சொல்வது நம் வேலையும் இல்லை. டாக்டரே அவசரத்தில் 20ஐ 30 ஆக்கியிருக்கலாம். அது அவருடைய மை என்றால், ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும்.

அந்த அழைப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சீட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைக்கக் கூடாது. சீட்டையே ஒருவர் அச்சடித்திருந்தால் அந்த எண்ணை எடுப்பது அவருடைய கூட்டாளியாக இருக்கலாம். கிளினிக்கின் எண்ணை நாமே தனியாகத் தேடி எடுத்து அழைக்க வேண்டும். அழைப்பதற்கு முன்னால் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவதும் நல்லது: “இந்த மருந்துக்கு யார் வந்தாலும் கிளினிக்குக்கு ஒரு கால் போட்டுக் கேட்டுடுவோம்ணே, அஞ்சு நிமிஷம் உட்காருங்க.” உண்மையான நோயாளி முணுமுணுத்தபடி உட்காருவார். மற்றவர்களில் சிலர், வண்டியை நகர்த்திவிட்டு வருகிறேன் என்று போவார்கள். திரும்பி வரமாட்டார்கள். ‘முடியாது’ என்ற சொல்லே தேவைப்படாத மறுப்பு அது.

எச்சரிக்கை அறிகுறிகள் என்று அமெரிக்கப் பாடநூல்களில் பட்டியல் இருக்கும். காப்புறுதியைப் பயன்படுத்தாமல் ரொக்கமாகப் பணம் கொடுத்தால் சந்தேகப்படு என்பது அதில் ஒன்று. இதை இங்கே பயன்படுத்தினால் ஜொகூர் முழுவதையும் சந்தேகப்பட வேண்டியதுதான். நம் ஊரில் மருந்தகத்தில் எல்லாரும் கைக்காசுதான் கொடுக்கிறார்கள். அதேபோல், அமெரிக்க மாநிலங்களில் ஒரு நோயாளி எந்தெந்தக் கடையில் எந்தக் கட்டுப்பாட்டு மருந்து வாங்கினார் என்பதை மருந்தாளர் கணினியில் பார்க்க முடியும். நம் முகப்பில் இருப்பது அந்தக் கடையின் பதிவேடு மட்டும்தான். அடுத்த தாமானில் அவர் நேற்று வாங்கியது நமக்குத் தெரியாது.

இன்னொரு மலேசிய நிலவரமும் உண்டு. இங்கே தனியார் கிளினிக்கில் டாக்டரே மருந்தையும் கொடுத்துவிடுகிறார். காய்ச்சல் என்று போனால், வெளியே வரும்போது கையில் மருந்துப் பையோடுதான் வருகிறோம். எனவே சீட்டோடு மருந்தகத்துக்கு வருபவர்கள் ஒப்பிட்டால் குறைவு. கிளினிக்கிலேயே கிடைக்கக்கூடிய தூக்க மாத்திரைக்கு ஒருவர் ஏன் சீட்டு வாங்கிக்கொண்டு, ஐம்பது மைல் தள்ளி வருகிறார் என்ற கேள்வி இங்கே தானாக எழும். அது கேள்வி மட்டும்தான். வேலை மாறி வந்திருக்கலாம். சொந்த ஊரில் மனநல மருந்து வாங்க வெட்கப்படலாம். நம் சமூகத்தில் பின்னது மிகவும் சாத்தியம்.

‘நம்ம ஆளுதானே’

தமிழ் மருந்தாளருக்கு மட்டும் வரும் ஒரு சோதனையும் இருக்கிறது. பெயர் அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் குரல் மாறிவிடும். அதுவரை மலாயில் பேசியவர் தமிழுக்கு வருவார். “தங்கச்சி, அண்ணனுக்காகக் கொடும்மா.” “நம்ம பிள்ளை இங்க இருக்கிறது எவ்வளவு பெருமை. இதைக்கூடச் செய்ய மாட்டியா?” சில நேரம் அப்பாவைத் தெரியும் என்பார். சில நேரம் உண்மையிலேயே தெரிந்திருக்கும்.

உறவுமுறை சொல்லி அழைத்துவிட்டால் நமக்கு ‘முடியாது’ வராது. அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். பதற்றத்தில் சிலர் திடீரென்று ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ தாவி, முகத்தை இறுக்கிக்கொண்டு விதிமுறை பேசுவார்கள். அதுதான் எதிரிலிருப்பவருக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருக்கும். உறவைக் கைவிட வேண்டியதில்லை. “அண்ணே, உங்களுக்கு இல்லேன்னு சொல்லல. எங்கப்பாவே இந்தச் சீட்டைக் கொண்டுவந்தாலும் நான் டாக்டரைக் கேட்டுட்டுத்தான் கொடுப்பேன்.” அண்ணன் அண்ணனாகவே இருக்கட்டும். சீட்டு மட்டும் சீட்டாக இருக்கட்டும்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. கையில் பச்சை குத்திய, கறுத்த, இருபத்தைந்து வயது இந்திய இளைஞன் வலி மாத்திரைக்குச் சீட்டு நீட்டினால் முகப்பில் என்ன நடக்கிறது? அவன் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இடுப்பை முறித்துக்கொண்டவனாக இருக்கலாம். இஸ்திரி போட்ட சட்டையில் வரும் நடுத்தர வயது அதிகாரிக்குக் கேட்கப்படாத கேள்விகள் அவனுக்கு மட்டும் கேட்கப்பட்டால், அதைச் சந்தேகம் என்று சொல்ல முடியாது. அது வெறும் பாகுபாடு. ஆளைப் பார்த்துச் சந்தேகிக்கும் மருந்தாளர் இரண்டு பக்கமும் ஏமாறுவார். அப்பாவியை விரட்டுவார், கோட்டுப் போட்டவரின் போலிச் சீட்டுக்கு மருந்தைக் கொடுத்துவிடுவார். மனநிலை மருந்துச் சீட்டு எது வந்தாலும், யார் கொண்டுவந்தாலும் கிளினிக்குக்கு ஓர் அழைப்பு என்று வைத்துவிட்டால் “யார் வந்தாலும் கேப்போம்” என்ற வாக்கியம் பொய்யாகாது.

நேரமும் இடமும் கூடக் கணக்கில் வரும். நான் விடுமுறையில் பகுதிநேரமாக நின்ற ஒரு மருந்தகத்தில், மூத்த மருந்தாளர் ஒருவர் இதுபோன்ற சீட்டு வந்தால் முகப்பின் ஓரத்துக்கு நகர்ந்துவிடுவார். வாடிக்கையாளரும் அவர் பின்னால் நகர்வார். மற்றவர்கள் காதுக்கு எட்டாத இடம். குரல் பாதியாகக் குறையும். வரிசையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுக்கப்பட்டவர் தம் மானத்துக்காகச் சண்டை போட்டே ஆக வேண்டும். ஓரத்தில் மறுக்கப்பட்டவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பாலத்தைத் தாண்டி வரும் சீட்டு

ஜொகூர்பாரு மருந்தகங்களில் அடிக்கடி வரும் மறுப்பு ஒன்றில் குற்றமே கிடையாது. சனிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து வரும் ஓர் அங்கிள். வெள்ளி மதிப்பு அவருக்குச் சாதகம், இங்கே மருந்து மலிவு. கையில் சிங்கப்பூர் டாக்டர் எழுதிய அல்பிராசொலாம் சீட்டு. டாக்டர் உண்மை, நோய் உண்மை, கையெழுத்தும் உண்மை. இருந்தாலும் கொடுக்க முடியாது. நம் சட்டம் ‘பதிவுபெற்ற மருத்துவர்’ என்று சொல்வது மலேசியாவில் பதிவு பெற்றவரைத்தான். சென்னைக்குச் சிகிச்சைக்குப் போய்வந்த அத்தை கொண்டுவரும் சீட்டுக்கும் இதே நிலைதான்.

இந்த மறுப்பில் நோயாளி மீது துளியும் பழி இல்லை என்பதால், மறுப்பின் இலக்கணத்தைக் கற்றுக்கொள்ள இதுதான் நல்ல இடம். “அங்கிள், உங்க டாக்டர் எழுதினதுல தப்பே இல்ல. ஆனா இந்த மருந்தை மலேசியாவுல பதிவான டாக்டர் எழுதினாத்தான் நான் கொடுக்கலாம். இந்தச் சீட்டை அப்படியே பக்கத்துக் கிளினிக்ல காட்டுங்க. அவர் உங்களைப் பார்த்துட்டு முடிவு பண்ணுவார். இன்னொண்ணு, திரும்பிப் போறப்போ இந்த மாதிரி மருந்துக்கு அந்தப் பக்கம் முன்அனுமதி கேட்கலாம். வாங்குறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துக்குங்க.” தூக்க மாத்திரை, வலுவான வலி மருந்து போன்ற சிலவற்றைச் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோனாலும் சிங்கப்பூரில் அனுமதி தேவைப்படும். தெரியாமல் வாங்கிக்கொண்டு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மாட்டிக்கொள்வதைவிட, இங்கே பத்து நிமிடம் கோபப்படுவது அங்கிளுக்கு நல்லது.

கவனித்தீர்களா, அந்தப் பேச்சில் ‘முடியாது’ பாதியில்தான் வருகிறது. முன்னால் அவர் பக்கத்து நியாயம், பின்னால் அடுத்து அவர் போக வேண்டிய இடம். சந்தேகத்துக்குரிய சீட்டுக்கும் இதே வரிசைதான். “இந்த வலியோட தூங்குறது கஷ்டம்தான்ணே. டாக்டர்கிட்ட உறுதி பண்ணாம இதைக் கொடுக்க முடியல. கிளினிக் காலைல திறந்ததும் நானே கால் பண்றேன். அதுக்குள்ள வலி தாங்கலன்னா சுல்தானா அமினா மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க, 24 மணி நேரமும் இருக்கு.”

இரண்டாவது கண்

“டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார், நீ யார் கேட்க?” வாடிக்கையாளர் கோபத்தில் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமான கேள்வி. மருந்தாளர் ஏன் கேட்க வேண்டும்?

இங்கிலாந்தில் ஹெரால்ட் ஷிப்மன் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1976இல் பெதிடின் என்ற வலி மருந்துக்குப் போலிச் சீட்டு எழுதித் தாமே பயன்படுத்தியதற்காக நீதிமன்றம் அவருக்கு 600 பவுண்டு அபராதம் விதித்தது. மருத்துவப் பதிவு பறிபோகவில்லை. மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் மீண்டும் தொழில் தொடங்கினார். ஊரே மதித்த குடும்ப டாக்டர். 2000ஆம் ஆண்டு ஜனவரியில், தம் நோயாளிகள் 15 பேரைக் கொன்றதாக அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையில் நடந்த விசாரணை, கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று கண்டது. ஆயுதம், டயமார்ஃபின் ஊசி. அந்த மருந்தை அவர் திருடவில்லை. நோயாளிகள் பெயரில் சீட்டு எழுதி மருந்தகத்தில் வாங்கினார். 1993இல் 30 மில்லிகிராம் ஆம்பூல்களை ஒவ்வொன்றாக எழுதி வாங்கியதும் விசாரணையில் வெளிவந்தது. அந்த வகை மருந்து பழக்கமில்லாத ஒரு முதியவருக்கு அந்த ஓர் ஆம்பூலே உயிரைப் பறிக்கும் அளவு. நீண்டநாள் வலிக்கு யாரும் ஒற்றை ஆம்பூலாக எழுதமாட்டார்கள். ஆனால் எழுதியவர் மரியாதைக்குரிய டாக்டர். யாரும் கேட்கவில்லை. 2004இல் வந்த அந்த விசாரணையின் நான்காவது அறிக்கை முழுக்க முழுக்கக் கட்டுப்பாட்டு மருந்துகளைப் பற்றியது. அதற்குப் பிறகு பிரிட்டன் தன் விதிகளையே மாற்றியது.

கோடியில் ஒருவர் ஷிப்மன். நமக்கு அருகில் நடந்தது வேறு மாதிரி. ஹெராயின் பழக்கத்திலிருந்து மீட்க, புப்ரனார்ஃபின் என்ற மருந்து இருபதாண்டுகளுக்கு முன்னர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வந்தது. சுபுடெக்ஸ் என்ற வணிகப் பெயரைப் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டிய மாத்திரை அது. சிலர் அதைக் கரைத்து, தூக்க மருந்தான மிடாசொலாமோடு சேர்த்து ஊசியில் ஏற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். இரத்தக் குழாய்கள் பாழாயின. உயிர்களும் போயின. 2006 ஆகஸ்ட் 14ஆம் தேதி சிங்கப்பூர் அதை ஹெராயினுக்கு இணையான ‘ஏ’ வகைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு மலேசியாவிலும் அந்த மாத்திரை விலக்கிக்கொள்ளப்பட்டு, ஊசியில் ஏற்றினால் பலனைத் தடுக்கும் நாலொக்சோன் கலந்த மாத்திரை அதன் இடத்துக்கு வந்தது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது, மருந்து பெரும்பாலும் எந்த வழியில் போனது என்பது. இரு நாடுகளிலும் தனியார் கிளினிக்குகளில் எழுதியவரே எடுத்தும் கொடுத்தார். நடுவில் இன்னொருவர் இல்லை. மருந்தாளர் டாக்டரைவிட அறிவாளி என்று நான் சொல்லவில்லை. எழுதாத ஒருவர் ஒருமுறை பார்க்கிறார், அவ்வளவுதான். அமெரிக்கக் கூட்டரசு விதி இதை வெளிப்படையாகவே சொல்கிறது: சரியான காரணத்துக்கு எழுதும் பொறுப்பு டாக்டருடையது, அதற்கு இணையான பொறுப்பு மருந்தை நிரப்புபவருக்கும் உண்டு.

தவறாக மறுத்தால்

இதையெல்லாம் படித்துவிட்டு, சந்தேகம் வந்தால் மறுத்துவிடுவதே பாதுகாப்பு என்று தோன்றலாம். மருந்தாளருக்கு வேண்டுமானால் பாதுகாப்பு. நோயாளிக்கு அல்ல.

இந்தியாவில் 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் மார்ஃபின் வாங்க, வைத்திருக்க, கொண்டுபோகத் தனித்தனி உரிமம் வேண்டும் என்றானது. சிறு தவறுக்கும் சிறைத்தண்டனை. மருந்தகங்கள் மார்ஃபினை வைப்பதையே நிறுத்தின. டாக்டர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். அபின் பயிராகும் அதே நாட்டில் புற்றுநோயாளிகள் வலியில் கதறிச் செத்தார்கள். கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், அவர் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பு போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு தலைமுறை நோயாளிகளுக்கு ‘ஸ்டாக் இல்லை’ என்பதே பதிலாக இருந்தது.

தூக்க மாத்திரை விஷயத்திலும் ஆபத்து உண்டு. டையசெபாம் வகை மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பே வரலாம். உயிருக்கும் ஆபத்து. அந்த இரவு 9.40க்கு வந்த அண்ணன் போலிச் சீட்டோடு வந்திருந்தாலும் இது பொருந்தும். சீட்டு பொய், உடம்பு கேட்பது பொய்யில்லை. ஆகவே “கடைசியா எப்போ சாப்பிட்டீங்க? எத்தனை நாளா சாப்பிடுறீங்க?” என்று கேட்கத் தெரிய வேண்டும். பதிலில் பல மாதக் கதை வந்தால், அவர் போக வேண்டிய இடம் டாக்டர் அல்லது அவசரப் பிரிவு. வீட்டுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக ஷட்டரை இறக்க முடியாது.

போதையிலிருந்து மீள நினைப்பவருக்கு வழி இல்லாமல் இல்லை. அரசாங்கம் 2005இல் மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கியது. அரசு சுகாதார கிளினிக்குகள் பலவற்றில் அது கிடைக்கிறது. ஏஏடிகே எனப்படும் தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தில் தாமாக முன்வருபவர்களுக்கும் சிகிச்சை உண்டு. ஆனால் முகப்பில் ஒருவரிடம் எடுத்தவுடன், “நீங்க மெத்தடோன் கிளினிக்குக்குப் போங்க” என்றால் அது வசைதான். “இந்த மாத்திரை இல்லாம இருக்க முடியலன்னு தோணுதாண்ணே? அதுக்கும் டாக்டர் இருக்காங்க, யாருக்கும் தெரிய வேண்டியதில்ல” என்று சொல்லிப் பார்க்கலாம். பலர் முறைப்பார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு வாரம் கழித்து, கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துத் திரும்பி வரக்கூடும். அதற்காகத்தான் அன்றைக்கு மரியாதையாக மறுப்பது.

நயம் எல்லா நேரமும் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குரல் உயர்ந்து, கை முகப்பைத் தட்டத் தொடங்கினால் விவாதத்தை நிறுத்திவிட வேண்டும். சீட்டைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஆதாரத்தைப் பிடித்து வைக்கிறேன் என்று ஒரு காகிதத்துக்காக இழுபறி செய்வது மடத்தனம். மருந்தாளர் போலீஸ் இல்லை. முகப்புக்கு வெளியே வர வேண்டாம், உதவியாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், மிரட்டல் என்றால் 999. அவர் போன பிறகு சீட்டிலிருந்த டாக்டர் பெயர், கிளினிக், மருந்து, அளவு, நேரம் ஆகியவற்றை உடனே எழுதிவைக்க வேண்டும். மறுநாள் காலை முதல் வேலை அந்த கிளினிக்குக்கு அழைப்பது. போலி என்று உறுதியானால் மாநிலச் சுகாதாரத் துறையின் மருந்தக அமலாக்கப் பிரிவுக்குத் தகவல். அந்த டாக்டரும் போலீஸில் புகார் செய்யலாம். மூவாரிலும் பத்து பகாட்டிலும் இதே சீட்டு சுற்றிக்கொண்டிருந்தால் அங்கே முகப்பில் தனியாக நிற்கும் இன்னொருவருக்கு அது உதவும்.

பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. பிறகு ஓராண்டு தற்காலிகப் பதிவில் பயிற்சி. மருந்தகச் சட்டத் தேர்வு ஒன்றும் உண்டு. அதில் எந்தப் பிரிவில் எந்த மருந்து என்று கேட்பார்கள். குரலை எவ்வளவு தாழ்த்துவது என்று எந்தத் தேர்விலும் கேட்கமாட்டார்கள். நாங்கள் நண்பர்கள் சிலர் விடுதி அறையில் மாறி மாறி நடித்துப் பார்க்கிறோம். ஒருவர் சிங்கப்பூர் அங்கிள், ஒருவர் “போஸ், போஸ்” என்று தோளில் கை போடும் ஆசாமி, ஒருவர் அழும் அம்மா. அழும் அம்மாவுக்கு இன்னும் எங்களில் யாருக்கும் சரியாக மறுக்க வரவில்லை. அடுத்த வாரம் மீண்டும் முயற்சி செய்யப் போகிறோம்.